மயங்கிக் கிடப்பவரின் வலியை அறிவது எவ்வாறு? ஒரு மருத்துவத் தேடலின் வரலாறு

சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் கொண்டுசெல்லப்படும் நோயாளி, மயக்கமருந்து கொடுக்கப்பட்ட பின்னர் எந்த வலியையும் உணர்வதில்லை என்பது உலகெங்கும் மக்கள் கொண்டுள்ள உறுதியான நம்பிக்கையாகும். மிகப் பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியானதே. ஆனால், கத்தி உடலைக் கீறும் வேளையில் அந்த உடலுக்குரியவர் வலியை உணரவில்லை என்பதை மருத்துவர் எவ்வாறு அறிந்துகொள்கிறார் என்ற கேள்வி மயக்கமருந்தின் வயதையொத்த பழைமையான கேள்வி. அதற்கு முழுமையான விடை இன்றுவரை கிடைக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம். குருதி அமுக்கத்தைக் கருவியால் அளக்கலாம். வலியை மட்டும் அதனை அனுபவிப்பவர் எடுத்துச் சொன்னாலன்றி மற்றவர் அறிய வழியில்லை. மயக்கமருந்தோ சொல்லக்கூடிய அந்த ஒரே சாட்சியைப் பேச முடியாதவராக்கி விடுகிறது. ஆகவே, கடந்த 180 ஆண்டு காலமாக மருத்துவர்கள் அந்தச் சாட்சிக்குப் பதிலாக வேறு சாட்சிகளைத் தேடி வந்திருக்கிறார்கள். முனகல், அசைவு, கண்மணி, மூச்சு, நாடி, வியர்வை, கண்ணீர், மூளையின் மின்னலை என்று நீளும் அந்தப் பட்டியலின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அலறலும் அதன் விளைவும்

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரைச் சேர்ந்த பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பரில் அந்நகரில் நடைபெற்ற ஒரு பொதுக்காட்சியில், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைத்திரசு ஒட்சைட்டைச் சுவாசித்த ஒருவர் தன் காலில் அடிபட்டதையே உணராதிருந்ததைக் கவனித்தார். மறுநாளே அவ்வாயுவைத் தாம் சுவாசித்துக்கொண்டு தமது பல்லொன்றைப் பிடுங்குவித்தார். வலி தெரியவில்லை. அடுத்த மாதம், 1845 ஜனவரியில், பொஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் அதனைச் செய்துகாட்ட முற்பட்டார். பல்லைப் பிடுங்கும் தறுவாயில் நோயாளி அலறினார். கூடியிருந்தோர் வெல்ஸை ஏமாற்றுக்காரர் என்று எள்ளி நகையாடினர்.

அந்த நோயாளி பின்னர் கூறியது என்ன? வலி சிறிதளவு இருந்ததாகவும், ஆனால் பல் பிடுங்கும்போது வழக்கமாக ஏற்படும் அளவுக்கு இல்லை என்றும் அவர் கூறியதாக வெல்ஸ் எழுதியிருக்கிறார். வாயுப் பையை உரிய நேரத்துக்கு முன்னரே அகற்றிவிட்டதே தவறு என்பது வெல்ஸின் விளக்கம். ஆனால், பார்வையாளர்களுக்கு அலறல் ஒன்றே போதுமானதாக இருந்தது. மனமுடைந்த வெல்ஸ் 1848 ஜனவரியில் நியூயோர்க் சிறையொன்றில் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வெல்ஸின் முன்னாள் கூட்டாளியான வில்லியம் மோர்ட்டன், 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி, பொஸ்டன் மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் ஈதரைப் பயன்படுத்தி வெற்றிகண்டார். ஜோன் கொலின்ஸ் வாரன் என்ற மூத்த சத்திரசிகிச்சையாளர், கில்பேர்ட் அபட் என்பவரின் கழுத்திலிருந்த கட்டியைக் கீறினார். நோயாளி அலறவில்லை. நவீன உணர்வகற்றல் மருத்துவத்தின் பிறந்தநாளாக அந்த நாள் இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆயினும், சிகிச்சை நடைபெறுவதைத் தாம் அறிந்திருந்ததாகவும், தோலை ஏதோ சுரண்டுவது போன்று உணர்ந்ததாகவும் அபட் பின்னர் கூறியிருக்கிறார். தோல்வியெனத் தள்ளப்பட்ட முயற்சியில் நோயாளி குறைந்தளவு வலியே இருந்தது என்றார். வெற்றியெனக் கொண்டாடப்பட்ட முயற்சியில் நோயாளி நடப்பதை உணர்ந்தேன் என்றார். வெளியே தெரியும் அறிகுறியும் உள்ளே நிகழும் அனுபவமும் ஒன்றல்ல என்பதைத் தொடக்க நாள்களே காட்டிவிட்டன.

எதைக் கவனிப்பது?

மயக்கத்தின் ஆழத்தை முறைப்படி வகுத்தவர்களில் முதன்மையானவர் லண்டன் மருத்துவர் ஜோன் ஸ்னோ. பின்னாளில் கொலரா நோய் குடிநீர் மூலம் பரவுவதை நிரூபித்துப் புகழ்பெற்றவர் இவரே. ஈதர் அறிமுகமான மறு ஆண்டிலேயே, 1847இல், அவர் வெளியிட்ட நூல் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தது. நோயாளி பேசுகிறாரா, கண் எவ்வாறு அசைகிறது, தசைகள் தளர்ந்துள்ளனவா, மூச்சு எவ்வாறு வருகிறது என்பவற்றை அவர் பொறுமையுடன் நோக்கிப் பதிந்தார். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபோம் கொடுத்தவரும் ஸ்னோதான்.

குளோரோபோமை எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் 1847 நவம்பரில் அறிமுகப்படுத்தினார். மூன்று மாதங்கள் கழியுமுன்னரே, நியூகாசிலுக்கு அருகில் கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதைத் தொடர்ந்து, மயக்கத்திலிருப்பவரின் நாடியைக் கவனிப்பதா, மூச்சைக் கவனிப்பதா என்ற சர்ச்சை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இச்சர்ச்சையின் முக்கிய களங்களுள் ஒன்று தென்னாசியாவில் இருந்தது. ஐதராபாத்தில் பணியாற்றிய எட்வேர்ட் லோறி என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சையாளர், மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்ற கொள்கையுடையவர். நிஸாமின் பொருளுதவியுடன் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோபோம் ஆணைக்குழுக்கள் அங்கு இயங்கின. லண்டனிலிருந்து லோடர் பிரண்டன் என்ற மருந்தியல் அறிஞர் வரவழைக்கப்பட்டார். நூற்றுக்கணக்கான நாய்களிலும் குரங்குகளிலும் பரிசோதனைகள் செய்யப்பட்டன. இதயம் நிற்பதற்கு முன்னர் மூச்சே நிற்கிறது என்பதே ஆணைக்குழுவின் முடிவு.

அம்முடிவு தவறென்பதை 1911இல் லண்டனைச் சேர்ந்த லெவி என்ற ஆய்வாளர் காட்டினார். குளோரோபோம் மயக்கம் ஆழமாக இருக்கும்போது அல்ல, அரைகுறையாக இருக்கும்போதே இதயத்தின் துடிப்பு திடீரெனச் சீர்குலைந்து மரணம் நேரக்கூடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அச்சமும் கீறலும் உடலில் சுரக்கச் செய்யும் அதிரினலின் அதற்குத் துணைபோகிறது. மயங்கியவரின் உடல் வலித்தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை உயிர்ச்சேதத்துக்கே காரணமாகலாம் என்பதால், அதனைக் கண்காணிக்கும் தேவை இரக்கத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டதாக இருக்கவில்லை.

இதனிடையே, 1894இல் ஹார்வர்ட் மருத்துவ மாணவர்களாயிருந்த ஹார்வி குஷிங், ஏர்னஸ்ட் கொட்மன் ஆகிய இருவரும் சத்திரசிகிச்சை நடைபெறும் நேரம் முழுவதும் நாடியையும் மூச்சையும் வரைபடத்தாளில் பதியத் தொடங்கினர். குஷிங் 1901இல் இத்தாலியின் பாவியா நகரிலிருந்து குருதி அமுக்கமானியைக் கொண்டுவந்தபோது அப்பதிவில் குருதி அமுக்கமும் சேர்ந்தது. இன்று எந்த வைத்தியசாலையிலும் காணப்படும் மயக்கமருந்துப் பதிவேட்டின் தொடக்கம் அதுவே.

முதலாம் உலகப்போரில் பிரான்சிலிருந்த அமெரிக்க இராணுவ வைத்தியர் ஆர்தர் கெடல், பல வைத்தியசாலைகளுக்கிடையே மோட்டார் சைக்கிளில் ஓடித்திரிந்து மயக்கமருந்து கொடுத்தவர். பயிற்சி குறைந்த தாதியரும் உதவியாளர்களும் தாமாகவே ஈதர் கொடுக்கவேண்டிய நிலை இருந்தமையால், அவர்களுக்காக ஓர் அட்டவணையைத் தயாரித்தார். கண்விழியின் அசைவு, கண்மணியின் அளவு, மூச்சின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு மயக்கத்தை நான்கு நிலைகளாக அது பிரித்தது. 1920இல் வெளியான அந்த அட்டவணை ஒரு தலைமுறைக்கு மேலாக மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாயிற்று. ஆனால், அதன் அறிகுறிகள் யாவும் ஒரு நிபந்தனையின் மீது நின்றன. நோயாளி தாமாக மூச்சுவிட வேண்டும். அவருடைய தசைகள் அசையக்கூடியனவாக இருக்க வேண்டும்.

அம்பு நஞ்சு கொணர்ந்த மௌனம்

1942 ஜனவரி 23ஆம் திகதி கனடாவின் மொன்றியல் நகரில் அந்த நிபந்தனை தகர்ந்தது. ஹரோல்ட் கிரிபித்தும் அவருடைய உதவியாளரான ஏனிட் ஜோன்சனும் குடல்வால் அகற்றும் சிகிச்சையின்போது ஓர் இளைஞருக்குக் கியூராரேயை ஊசிமூலம் செலுத்தினர். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் பூசும் நஞ்சு அது. வயிற்றுத் தசைகள் முழுமையாகத் தளர்ந்தன. தசை தளர வேண்டுமென்பதற்காக ஆபத்தான அளவுக்கு ஈதர் கொடுக்கும் அவசியம் அதன்பின் இல்லாமற்போனது. பலவீனமான நோயாளிகளும் பெரிய சத்திரசிகிச்சைகளைத் தாங்கக்கூடிய நிலை பிறந்தது. மருத்துவ வரலாற்றில் இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால், கியூராரே தசைகளைத்தான் செயலிழக்கச் செய்கிறது. உணர்வை அது தொடுவதில்லை. இதனைப் பிரெஞ்சு உடற்றொழிலியல் அறிஞர் கிளோட் பேர்னார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விளக்கியிருந்தார். பிணம்போற் கிடக்கும் விலங்கின் உள்ளே அறிவும் உணர்ச்சியும் அப்படியே இருக்கின்றன என்று அவர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை 1940களில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கியூராரே உணர்வையும் அகற்றுகிறது என்று நம்பிய மருத்துவர்கள் இருந்தனர். வேறு மயக்கமருந்து இன்றியே அதனைக் கொடுத்துச் சிகிச்சை செய்த சம்பவங்களும் உண்டு. நோயாளி அசையவில்லை என்பதே அவர்களுக்குப் போதிய சான்றாயிற்று.

அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியைச் சேர்ந்த மயக்கமருந்து வைத்தியர் ஸ்கொட் ஸ்மித் இந்தச் சர்ச்சைக்கு முடிவுகட்டத் தமது உடலையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். மூச்சை நிறுத்துவதற்குப் போதுமான அளவைப்போல் இரண்டரை மடங்கு கியூராரே அவருக்குச் செலுத்தப்பட்டது. சக மருத்துவர்கள் செயற்கை மூச்சுக் கொடுத்து உயிரைக் காத்தனர். அவருடைய உடலில் ஓர் இமைகூட அசையவில்லை. மருந்தின் வேகம் தணிந்து பேச்சு மீண்டதும், அறையில் பேசப்பட்டவற்றையும் கேட்கப்பட்ட கேள்விகளையும் தமக்குக் கொடுக்கப்பட்ட வலியையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். எந்தக் கணத்திலும் அவர் நினைவிழக்கவில்லை. 1947இல் வெளியான அக்கட்டுரைக்குப் பின்னர், கியூராரே உணர்வகற்றும் மருந்து என்று எவரும் வாதிட முடியவில்லை.

நம்பப்படாத நோயாளிகள்

1946இல் லிவர்பூலைச் சேர்ந்த செசில் கிரேயும் ஜோன் ஹால்ட்டனும் கியூராரேயை மயக்கமருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் முறையை விளக்கினர். உறக்கம், வலிநீக்கம், தசைத்தளர்வு ஆகிய மூன்றையும் வெவ்வேறு மருந்துகளால் சாதிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்றைய நடைமுறையும் அதுவே. ஆனால், மூன்றையும் தனித்தனியே கொடுக்கும்போது ஒன்று குறைந்து மற்றையவை போதுமானதாக இருக்கும் அபாயமும் உண்டாகிறது. உறக்கம் கலைந்து, வலிநீக்கமும் போதாமல், தசைத்தளர்வு மட்டும் நிலைத்திருந்தால் நோயாளியின் கதி என்ன? உள்ளிருந்து எழும் கூக்குரல் வெளியே வர வழியேயில்லை.

அத்தகைய அனுபவங்களை நோயாளிகள் கூறத் தொடங்கினர். சத்திரசிகிச்சையின்போது தாம் விழித்திருந்ததாகக் கூறிய நோயாளிகளைப் பற்றிய செய்திகள் 1950 முதல் மருத்துவ சஞ்சிகைகளில் இடம்பெறலாயின. 1960ஆம் ஆண்டளவில் ஹட்சின்சன் என்பவர் 656 நோயாளிகளைச் சந்தித்து விசாரித்தபோது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர் அவ்வாறு கூறினர். இவ்வாறு முறையாகக் கேட்டறிந்த மருத்துவர் அக்காலத்தில் மிகச் சிலரே. கனவு கண்டிருப்பீர்கள், அச்சத்தில் அப்படித் தோன்றியிருக்கும் என்று பல நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அனுபவித்த கொடுமையோடு, தமது சொல்லை எவரும் நம்பவில்லை என்ற துயரமும் அவர்களைச் சேர்ந்தது.

சாட்சி பேச முடியாத நிலையில் உடலின் வேறு குறிகளை நாடினர் மருத்துவர். குருதி அமுக்கம், இதயத்துடிப்பு, வியர்வை, கண்ணீர் ஆகிய நான்குக்கும் புள்ளியிட்டுக் கூட்டும் முறையொன்றைப் பிரித்தானிய வைத்தியர் ஈவன்ஸ் 1980களில் வகுத்தார். தசைகள் தளர்ந்தாலும் இதயம் விரைவதையும் கண் கலங்குவதையும் அவை தடுப்பதில்லை. ஆகவே, இன்றும் மருத்துவர் கவனிக்கும் குறிகள் இவை. ஆனால், இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை அருந்துபவரின் இதயம் விரையாதிருக்கலாம். குருதி இழந்தவரின் இதயம் வலியின்றியும் விரையலாம். விழித்திருந்தோர் பலரின் பதிவுகளைப் பின்னர் புரட்டியபோது இக்குறிகளில் எந்த மாற்றமும் காணப்படாமையும் உண்டு.

அசைவு எங்கிருந்து பிறக்கிறது?

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் எட்மண்ட் ஈகரும் அவரது சகாக்களும் மயக்கவாயுக்களின் வலிமையை ஒப்பிட ஓர் அளவுகோலை வகுத்தனர். தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப் பேர் அசையாதிருக்க நுரையீரலில் எத்தனை சதவீத வாயு இருக்க வேண்டும் என்பதே அந்த அளவு. உலகெங்கும் மயக்கவாயுக்கள் இன்றும் இதன்படியே ஒப்பிடப்படுகின்றன. கீறலுக்கு அசையாதவர் வலியை உணராதவர் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

1993இல் கலிபோர்னியாவில் நடைபெற்ற இரண்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை அசைத்தன. எலிகளின் முன்மூளையை அகற்றிய பின்னரும் இந்த அளவு மாறவில்லை என்று ராம்பில் என்பவர் காட்டினார். அன்டோக்னினி என்பவர் ஆடுகளின் மூளைக்கு மட்டும் மயக்கவாயு செல்லும்படி செய்தபோது, அசைவைத் தடுக்க இரு மடங்குக்கும் கூடுதலான வாயு தேவைப்பட்டது. கீறலுக்கு உடல் அசைவதைத் தடுக்கும் இடம் பெரும்பாலும் முண்ணாணே அன்றி மூளையல்ல என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. நோயாளி அசைவதால் அவர் வலியை அறிகிறார் என்றும் சொல்ல முடியாது. அசையாததால் அறியவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஒரு கை மட்டும்

இந்த வரலாற்றில் மிக எளிமையான யோசனை ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் பிறந்தது. சத்திரசிகிச்சை மூலம் பிரசவிக்கும் தாய்மாருக்கு, குழந்தையைப் பாதிக்காதிருக்கும் பொருட்டு மயக்கமருந்து குறைவாகவே கொடுக்கப்படும். அவர்கள் விழித்துக்கொள்ளும் அபாயம் அதனால் அதிகம். அங்கு பணியாற்றிய மைக்கல் டன்ஸ்டல் 1977இல் ஒரு வழியைக் கூறினார். தசைத்தளர்வு மருந்தைச் செலுத்துமுன் நோயாளியின் ஒரு கையில், குருதி அமுக்கம் அளக்கும் பட்டியைக் கட்டி இறுக்கி, அக்கைக்குக் குருதி செல்வதைத் தற்காலிகமாகத் தடுத்துவிட வேண்டும். மருந்து அந்தக் கையை அடையாது. உடல் முழுவதும் செயலிழந்தாலும் அந்தக் கை மட்டும் இயங்கும். பின்னர் நோயாளியின் பெயரைச் சொல்லி அழைத்து, நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள் என்று கேட்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இங்கிலாந்தின் ஹல் நகர மருத்துவர் இயன் ரஸல் இம்முறையை மேலும் வளர்த்தார். கையை அழுத்தியவரிடம் அடுத்த கேள்வியையும் கேட்டார்: வலிக்கிறதா? வலித்தால் இருமுறை அழுத்துங்கள். 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வொன்றில், இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு மயக்கமுறையைச் சோதித்தபோது 32 பெண்களில் 23 பேர் கையை அழுத்திப் பதிலளித்தனர். ஆய்வை அவர் இடைநடுவில் நிறுத்திவிட்டார்.

பதிலளித்தோரில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னர் அது எதுவும் நினைவில் இல்லை என்பதுதான் இதில் சிக்கலான அம்சம். ஆறு வைத்தியசாலைகளில் 260 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், மூச்சுக்குழாய் செலுத்தப்பட்ட பின்னர் 12 பேர் கையை அழுத்தினர். ஐந்து பேர் தமக்கு வலிப்பதாகவும் உணர்த்தினர். விழித்தெழுந்த பின்னர் அவர்களுள் எவருக்கும் நினைவில்லை. இளவயதினரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர் பதிலளித்தனர். நினைவில் நில்லாத வலி வலிதானா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணத்தில் இருமுறை அழுத்திய கைக்கு அக்கேள்வி அர்த்தமற்றது.

பேசத் தெரியாத சிசுக்கள்

கையை அழுத்தச் சொல்லிக் கேட்க முடியாத நோயாளிகளும் உண்டு. பிறந்த சிசுக்களின் நரம்பு மண்டலம் முதிர்ச்சியடையாதது, அவை வலியை முறையாக உணர்வதில்லை என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது. வலிநீக்கி மருந்துகள் சிசுவின் உயிருக்கு ஆபத்து என்ற அச்சமும் அதனோடு சேர்ந்தது. இதனால், குறைமாதச் சிசுக்களுக்கு நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைகூடச் சிரிப்பூட்டும் வாயுவும் தசைத்தளர்வு மருந்தும் மாத்திரம் கொடுத்து நடைபெறுவது வழமையாயிருந்தது. 1947இல் ஸ்மித் தம் உடலில் கண்டறிந்த உண்மை 40 ஆண்டுகள் கடந்தும் தொட்டில்களை எட்டியிருக்கவில்லை.

இந்தியாவில் மருத்துவம் கற்று, பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் ஆய்வு மேற்கொண்ட கன்வல்ஜீத் ஆனந்த், சிகிச்சை முடிந்து திரும்பும் சிசுக்கள் மிக மோசமான நிலையில் இருப்பதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடினார். 16 குறைமாதச் சிசுக்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழமையான மருந்துகளோடு பென்டனில் என்ற வலிநீக்கியையும் கொடுத்து ஒப்பிட்டனர் அவரும் சகாக்களும். வலிநீக்கி பெறாத சிசுக்களின் குருதியில் அதிரினலின் முதலான அழுத்தச் சுரப்புகள் பன்மடங்கு உயர்ந்தன. சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்களும் அவற்றுக்கே அதிகமாக நேர்ந்தன. 1987இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான இந்த ஆய்வும், அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் சிசுக்களை இழந்த பெற்றோர் எழுப்பியிருந்த குரலும் சேர்ந்து நடைமுறையை மாற்றின. பேச முடியாத சிசுவுக்காக அதன் குருதி சாட்சி சொன்னது எனலாம்.

மூளையைக் கேட்கும் கருவி

ஜேர்மனியின் ஹான்ஸ் பேர்கர் 1920களில் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். மயக்கமருந்தால் அந்த அலைகள் மாறுவது 1930களிலேயே அறியப்பட்டிருந்தது. அந்த அலைகளைக் கணினியால் பகுத்து, சுழியத்துக்கும் நூறுக்கும் இடைப்பட்ட ஒரே எண்ணாகக் காட்டும் 'பிஸ்' என்ற கருவிக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நெற்றியில் ஒட்டும் உணரி மூலம் இயங்கும் அக்கருவியில் எண் 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் மயக்கம் போதுமானது எனக் கொள்ளப்பட்டது.

அவுஸ்திரேலியாவை மையமாகக் கொண்டு 2,463 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு நம்பிக்கையளித்தது. கருவியின்றிச் சிகிச்சை பெற்றோரில் 11 பேர் விழித்திருந்ததை நினைவுகூர்ந்தனர். கருவியின் துணையுடன் சிகிச்சை பெற்றோரில் அவ்வாறு கூறியவர்கள் இருவரே. ஆனால், 2008இலும் 2011இலும் வெளியான அமெரிக்க ஆய்வுகள், வெளிமூச்சில் உள்ள மயக்கவாயுவின் அளவைக் கவனமாகக் கண்காணிப்பதைவிட இக்கருவி சிறந்ததெனக் காட்டவில்லை.

2015இல் அவுஸ்திரேலியாவில் ஸ்மித்தின் பழைய பரிசோதனை புதிய வடிவில் மீண்டும் நடைபெற்றது. பத்துத் தன்னார்வலருக்கு உறக்கமருந்து எதுவும் இன்றித் தசைத்தளர்வு மருந்து மாத்திரம் கொடுக்கப்பட்டது. அவர்கள் முழு விழிப்புடன் இருந்தனர். ஆயினும், கருவி காட்டிய எண் பெரும்பாலான பரிசோதனைகளில் 60க்குக் கீழே இறங்கியது. நெற்றித் தசைகளின் மின்னதிர்வையும் மூளையின் விழிப்பென்றே அக்கருவி ஓரளவு கணக்கிட்டு வந்தது என்பது அப்போது வெளிப்பட்டது. தசை ஓய்ந்ததும், விழித்திருந்த மனிதரை அது மயங்கியவராகக் காட்டிவிட்டது.

இப்போது வலித்தூண்டலையே தனியாக அளப்பதாகக் கூறும் கருவிகள் வந்துள்ளன. கண்மணி விரிவதை அளப்பது, இதயத்துடிப்பின் ஏற்றவிறக்கத்தை அளப்பது, விரல்நுனியின் நாடி அலையையும் தோலின் மின்கடத்தலையும் அளப்பது எனப் பல வகைகள் உண்டு. வலிநீக்கி மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் அவை துணைபுரிகின்றன. எனினும், அவை அளப்பது வலியையன்று. உடலுக்குத் தீங்கு நேர்கிறது என்று நரம்புகள் அனுப்பும் சேதிக்கு உடல் காட்டும் எதிர்வினையையே அளக்கின்றன. சேதி வேறு, அதனை உணர்வது வேறு. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலிக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவரால் எடுத்துச் சொல்ல முடியவில்லை என்பதால் அவருக்கு வலி இல்லையென்று கொள்ளக்கூடாது என்பதை வலியுறுத்தியிருக்கிறது. வெல்ஸின் காலத்திலிருந்து கற்ற பாடத்தின் சாரம் அதுவே.

கேட்பதும் நம்புவதும்

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நடைபெற்று 2014இல் வெளியான தேசியக் கணக்காய்வு இவ்விடயத்தில் மிகப் பெரிய ஆவணம். பொது மயக்கம் பெற்ற 19,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே, தாம் விழித்திருந்ததாக முறையிட்டிருந்தனர். தசைத்தளர்வு மருந்து பெற்றோரில் இது ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருவர். அம்மருந்து பெறாதோரில் 136,000 பேருக்கு ஒருவர் மாத்திரமே. பொது மயக்கத்தில் சத்திரசிகிச்சை மூலம் பிரசவித்த தாய்மாரிலோ ஏறத்தாழ 670 பேருக்கு ஒருவர். ஆபத்து எங்கே அதிகம் என்பதை இந்த எண்களே சொல்லும்.

இன்னுமொரு வேறுபாடும் சிந்திக்கத்தக்கது. நோயாளிகளைத் தேடிச் சென்று, உறங்குமுன் கடைசியாக நினைவிலிருப்பது என்ன, விழித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது என்ன, இடையில் ஏதேனும் நினைவிருக்கிறதா என்று ஒழுங்காகக் கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது இருவர் ஆம் என்றனர். 11,000க்கும் அதிகமானோரிடம் விசாரித்து 2000ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் ஆய்வு அவற்றுள் ஒன்று. கேட்டால் ஆயிரத்துக்கு ஒருவர். கேளாவிட்டால் 19,000க்கு ஒருவர். இந்த இடைவெளி முழுவதற்கும் காரணம் எதுவென ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், தாமாக முன்வந்து கூறாமல் மௌனமாக இருந்துவிடும் நோயாளிகள் பலர் இருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

அக்கணக்காய்வு கூறிய வேறொரு செய்தி சத்திரசிகிச்சைக்குச் செல்லும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. விழித்துக்கொண்டவர்களை அதிகம் வருத்தியது வலி மாத்திரமல்ல. உடல் அசைய மறுத்ததே பலருக்குப் பேரச்சத்தை ஊட்டியது. தாம் இறந்துவிட்டதாகவோ நிரந்தரமாக முடங்கிவிட்டதாகவோ அவர்கள் எண்ணினர். தமக்கு என்ன நேர்ந்தது என்பதை விளங்கிக்கொண்டவர்களும், தமது முறைப்பாடு உடனே நம்பப்பட்டு விளக்கமளிக்கப்பட்டவர்களும் பின்னாளில் குறைவாகவே துன்புற்றனர். ஆகவே, சிகிச்சைக்கு முன்னர் மயக்கமருந்து வைத்தியரிடம் இதுபற்றித் தயங்காமல் கேட்கலாம். முன்னொரு தடவை அத்தகைய அனுபவம் நேர்ந்திருந்தால் அதனைக் கட்டாயம் கூற வேண்டும். மயக்கம் தெளிந்த உறவினர் ஒருவர், உள்ளே நடந்தது எனக்குத் தெரியும் என்று சொன்னால், அது கனவு என்று தட்டிக்கழிக்காமல் செவிகொடுத்து வைத்தியரிடம் தெரிவிப்பதும் எமது கடமை.

அலறலிலிருந்து மின்னலை வரை மருத்துவம் தேடிய குறிகள் ஒவ்வொன்றும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. அவற்றின் பயனை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால், அவற்றுள் எதுவும் வலியின் சொந்தக்காரருக்கு ஈடாகவில்லை. ஒரு கைக்காவது சுதந்திரத்தை விட்டுவைத்து, பெயர்சொல்லி அழைத்து, வலிக்கிறதா என்று கேட்ட அந்த எளிய முறையே இன்றும் புதிய கருவிகளின் உண்மையைச் சோதிக்கும் உரைகல்லாக இருக்கிறது. மற்றொரு மனிதரின் வலியை அறிவதற்கு அவரையே கேட்பதும், அவர் சொல்வதை நம்புவதும் போன்ற வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.